போனுக்குள்ள நான் செத்த கதை

பெற்றோலுக்கு மூண்டு நாள் கியூவில நிண்டு, நாலாம் நாள் எங்கட முறை வரேக்கை "முடிஞ்சுது" எண்டு பலகையைத் தொங்கப்போட்டாங்களே, அந்த வருசம் ஒருத்தருக்கும் மறந்திருக்காது. எனக்கு முன்னுக்குத் தம்பலகாமத்து ஆள் ஒருத்தர் நிண்டவர். தண்ணிப் பம்புக்குப் பெற்றோல் எடுக்க வந்தவர், ரெண்டாம் நாள் அதே கியூவில பின்னுக்கு நிண்ட குடும்பத்தோட தன்ர மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சவர். (பெற்றோல் கிடைக்கேல்லை. கலியாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டனான்.) சரி, அதை விடுவம். அதுக்கு அடுத்த வருசம் மாசி மாசம்தான் நான் செத்தனான்.

உண்மையாச் சாகேல்லை, போனுக்குள்ள செத்தனான். என்னைச் சாகடிச்சது வேற ஆருமில்லை, நானேதான். அதைத்தான் சொல்ல வாறன்.

நான் பள்ளிக்கூடம் போனது மூண்டாம் வகுப்பு மட்டும். பிறகு திருகோணமலை ஹாபரில வேலை. கப்பல் வரேக்கை அதில இருந்து எறியிற கயிறை வாங்கி, கரையில உள்ள இரும்புக் குத்தியில மாட்டுறது. முப்பத்தாறு வருசம் கயிறு. தமிழ் எண்டால் எழுத்துக் கூட்டி வாசிப்பன். இங்கிலீசும் கதைப்பன், கப்பல்காரர் கதைக்கிற இங்கிலீசு. (அதில பாதியை வீட்டில கதைக்கேலாது.) ஒரு கப்பலைப் பார்த்தவுடன அதுக்கு எத்தினை கயிறு வேணும், எது இழுக்கும், எது அறும் எண்டு சொல்லிப்போடுவன். அந்தக் கெட்டித்தனம் இருந்தபடியால் உலகத்தில மற்ற எல்லா வேலையும் எனக்குத் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

எங்கட வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால ஒரு ஒழுங்கையில. மேல மூண்டு அறை. யன்னலைத் திறந்தால் ஹாபர் முழுக்கத் தெரியும். அந்த மூண்டையும் வெளிநாட்டு ஆக்களுக்கு வாடகைக்குக் குடுக்கலாம் எண்டு சொன்னது என்ர மனிசி மங்களம். சித்திரை பிறந்தால் திமிங்கிலம் பார்க்க, கடலுக்குள்ள சுழியோட எண்டு வெள்ளைக்காரர் வருவினம்தானே. ரெண்டு சீசன் நல்லா நடந்தது. பிறகு மங்களம் கண்ணை மூடியிட்டாள். ஒரே மகள் சுகந்தி கொழும்பில நல்ல கம்பனியில வேலை செய்தவள், அதை விட்டுப்போட்டு ரெண்டு பிள்ளையளோடயும் வந்து அறையளைப் பொறுப்பெடுத்தாள். மருமகன் கப்பலில. வீட்டுக்கு "மங்களா இல்லம்" எண்டு தாயின்ர பேரை வைச்சு ஒரு வெப்சைட்டும் செய்விச்சாள்.

அதுக்குப் பிறகு கொரோனா வருத்தம் வந்தது, பிறகு பெற்றோல் இல்லாமல் போனது. அறையளில பல்லிதான் தங்கிச்சுது.

அந்த மாசியில ஒரு நாள் சுகந்தி குசினியில சம்பல் இடிச்சுக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, கொழும்புக் கம்பனி என்னைத் திரும்பக் கூப்பிடுது. பங்குனி முடியிறதுக்குள்ள பதில் சொல்லவேணும்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை. இந்தச் சீசனுக்கு ஆக்கள் புக் பண்ணினால் இஞ்சதான் இருப்பன். இல்லையெண்டால் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போகத்தான் வேணும்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்கோவன்."

கொழும்பில அவள் முந்தி இருந்த வீட்டுக்கு நான் ஒருக்காப் போயிருக்கிறன். யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு யன்னல். கையை நீட்டினால் அவையின்ர சட்டியில இருந்து கறி அள்ளலாம். அங்க நான் நாள் முழுக்க என்ன செய்யிறது? லிப்டில ஏறி இறங்கிறதோ? பேரப்பிள்ளையள் ரெண்டும் இல்லாமல் இஞ்ச தனியா இருக்கிறதும் ஏலாது. நான் சம்பலைத் திண்டுபோட்டு எழும்பியிட்டன். ஆனால் அண்டைக்கே மனசுக்குள்ள முடிவெடுத்தன், இந்த மூண்டு அறையையும் எப்பிடியும் நிரப்பிறது எண்டு. (நான் முடிவெடுத்தால் வீட்டில ஆக்களுக்குக் காய்ச்சல் வரும்.)

வெப்சைட் செய்தது தர்சினி எண்டொரு பிள்ளை. கடைத் தெருவில இரும்புக் கடைக்கு மேல அவளுக்கு ஒரு கந்தோர். சுகந்தி அவளைக் கூப்பிட்டு, ஏன் எங்கட வெப்சைட்டை ஒருத்தரும் காணினம் இல்லை எண்டு கேட்டாள். பிள்ளை விறாந்தையில கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு வடிவா விளங்கப்படுத்தினாள்.

"ஐயா, நெற்றில தேடுற கம்பனிக்கு ஒரு மெசின் இருக்கு. அது எல்லா வெப்சைட்டுக்கும் போய் வாசிச்சு இடாப்பில பதிஞ்சு வைக்கும். ஆரும் 'திருகோணமலையில அறை' எண்டு தேடினால் அந்த இடாப்பைப் பார்த்துத்தான் காட்டும்."

"ஓம்."

"முந்தி அந்த மெசின் பெரிய கொம்பியூட்டரில பார்க்கிற மாதிரி வந்து பார்க்கும். இப்ப போனில பார்க்கிற மாதிரித்தான் வருது. போனில தெரியிறதைத்தான் பதியும். போனில இல்லாட்டி இடாப்பிலயும் இல்லை."

"கொம்பியூட்டரில இருந்தால்?"

"இருந்தென்ன, அதைக் கணக்கெடுக்காது. உங்கட வெப்சைட் போனில சரியில்லை. எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி. விரலை வைச்சால் ஒண்டுக்குப் பதிலா இன்னொண்டு திறக்குது. படங்கள் பாரம், திறக்கிறதுக்குள்ள ஆள் போயிடும். எல்லாத்தையும் போனுக்கு ஏத்த மாதிரி ஒழுங்குபடுத்தவேணும். ஆனால் கொம்பியூட்டரில உள்ள விசயம் ஒண்டும் குறையாமல் போனிலயும் இருக்கவேணும். அதுதான் முக்கியம்."

நான் தலையை ஆட்டினன். தலையை ஆட்டினால் விளங்கினது எண்டு அந்தப் பிள்ளை நினைச்சிட்டுது. சுகந்தியும் நினைச்சிட்டாள், அது அவளின்ர பிழை, அவளுக்கு என்னை நாப்பது வருசமாத் தெரியும்.

அடுத்த நாள் சுகந்தி பிள்ளையளோட வவுனியாவுக்குப் போகவேண்டி வந்தது, மருமகன்ர தங்கச்சிக்குக் கலியாணம். ஆறு நாள். பஸ்ஸில ஏறேக்கையும் சொன்னவள்.

"தர்சினி என்ன கேட்டாலும் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ அப்பா. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ."

ஓம் எண்டன். பஸ் திரும்பினவுடன நேர இரும்புக் கடைக்கு மேல ஏறினன்.

நான் ராத்திரி முழுக்க யோசிச்சு ஒரு விசயம் கண்டுபிடிச்சிருந்தன். எங்கட வீட்டுக்கு வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் விறாந்தையில இருந்து மடியில கொம்பியூட்டரை விரிச்சு வைச்சுக்கொண்டுதான் இருப்பினம். ஒரு ஜெர்மன்காரர் புட்டுச் சாப்பிடேக்கையும் அதை மூடேல்லை, தேங்காய்ப்பூ எல்லாம் அதுக்குள்ளதான். எங்கட சனம் அப்பிடியில்லை. கனடா, லண்டன், சுவிஸ், எங்க இருந்தாலும் போன்தான். நித்திரைப் பாயிலயும் போன்தான். அப்ப என்ன செய்யவேணும்? வெள்ளைக்காரருக்கு உள்ளதைக் கொம்பியூட்டரில போடவேணும், எங்கட சனத்துக்கு உள்ளதைப் போனில போடவேணும். சின்ன லோஞ்சில பெரிய கப்பல் சாமானை ஏத்தினால் தாழும் எண்டு எனக்குத் தெரியாதோ?

"பிள்ளை," எண்டன், "போனில அறை, கட்டில், குளிர்மெசின், திமிங்கிலம் ஒண்டும் வேண்டாம். அதெல்லாம் கொம்பியூட்டரில கிடக்கட்டும். போனில எங்கட சொந்தக்காரர் பார்க்கிறதை மட்டும் போடு."

"என்ன பார்ப்பினம் ஐயா?"

"குடும்பப் படம். பிறகு மங்களத்தின்ர கண்ணீர் அஞ்சலி."

அந்த அஞ்சலியைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லவேணும். எங்கட ஆக்களில ஆரும் செத்தால் அஞ்சலி போடாமல் விடுறதில்லைத்தானே. இன்னாரின்ர மகள், இன்னாரின்ர மனைவி, இன்னாரின்ர மாமியார் எண்டு எல்லார் பேரும் வரவேணும், ஒரு பேர் விட்டுப்போனால் அடுத்த செத்தவீட்டுக்கு அந்தக் குடும்பம் வராது. மங்களத்துக்கு நான் எழுதுவிச்ச அஞ்சலியில எழுபத்திரெண்டு பேரின்ர பேர் இருந்தது. அது வெப்சைட்டில ஆகக் கீழ ஒரு மூலையில கிடந்தது. எனக்கு அது மனக்குறை.

தர்சினி பேனையை வைச்சுப்போட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, நேற்று நான் சொன்னது விளங்கினதோ? மெசின் போனைத்தான் பார்க்கும். போனில அறை இல்லையெண்டால் அறையே இல்லை எண்டு பதியும்."

"மெசின் வந்து பார்க்கட்டும். மெசின் என்ன இஞ்ச தங்கவோ போகுது?"

"சுகந்தியக்கா வந்த பிறகு செய்வமே."

"வீடு ஆரின்ர பேரில இருக்கு?"

பிள்ளை பெருமூச்சு விட்டாள். "சரி ஐயா. பிறகு என்னை ஏசக்கூடாது."

"நான் ஏன் ஏசுறன்," எண்டன். மேல போடுறதுக்கு சுகந்தியின்ர கலியாணத்தில எடுத்த படத்தைக் குடுத்தன். நல்ல அகலமான படம். ஒரு பக்கம் மங்களம், மற்றப் பக்கம் சுகந்தி, நடுவில நான். சம்பந்தி வீட்டாக்கள் போட்ட மாலை என்ர கழுத்தில. அண்டைக்கு எனக்குப் பல்லுக் குத்து, அதால சிரிக்கேல்லை. முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு நிண்டனான்.

தர்சினி நான் சொன்ன மாதிரியே செய்து, சொந்தக்காரரின்ர போனுகளுக்கும் அனுப்பிவிட்டாள். நான் அவளின்ர கொம்பியூட்டரில பார்த்தன், வடிவா இருந்தது. போனில பார்க்கேல்லை. என்னட்டை இருந்தது பட்டன் போன், அதில படமே வராது. (போனுக்கு வெப்சைட் செய்விச்ச ஆள் போனில பார்க்கேல்லை. இதை என்ர பேரன் இப்பவும் வாற போறவைக்கெல்லாம் சொல்லுறவன்.)

நாலாம் நாள் காலமை வீட்டு போன் அடிச்சுது. எடுத்தால் அந்தப் பக்கம் ஒரு பொம்பிளைக் குரல், அழுகை.

"ஆர், தங்கராசா வீடோ? நான் லண்டனில இருந்து இராசமணி."

இராசமணி மச்சாள் என்ர மாமான்ர மகள். சுகந்தியின்ர கலியாணத்துக்கு நேரில வந்து வெற்றிலை வைச்சுச் சொல்லாமல் போனில சொல்லிப்போட்டம் எண்டு பதினொரு வருசமாக் கதையில்லை. (லண்டனுக்கு நேரில நான் எப்பிடிப் போறது? கயிறைப் பிடிச்சோ?) எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. வாயைத் திறக்கிறதுக்குள்ள மச்சாள் தொடங்கியிட்டா.

"போனில படத்தைக் கண்டன். நெஞ்சே வெடிச்சுப்போச்சு. நல்ல மனிசன். ஒரு வஞ்சகம் தெரியாது. நான்தான் வறட்டுக் கோவத்தில கதைக்காமல் இருந்திட்டன். என்ன கம்பீரம், என்ன நடை..."

ஆரோ ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுறா எண்டு முதல் நினைச்சன். பிறகுதான் அது நான் எண்டு விளங்கினது. என்னைப் பற்றி ஒருத்தர் நல்லதாக் கதைச்சுக் கன காலம். ஏன் இடையில தடுப்பான் எண்டு விட்டிட்டன். நடைக்குப் பிறகு குரலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா. அதுக்கு மேல கேக்கிறது பாவம் எண்டு பட்டுது.

"மச்சாள், நான் தங்கராசாதான் கதைக்கிறன்."

அந்தப் பக்கம் அழுகை நிண்டுது.

"உயிரோடயோ இருக்கிறாய்?"

"ஓம் மச்சாள்."

"அப்ப நான் ஏன் உன்னோட கதைக்கிறன்?" எண்டு போனை வைச்சிட்டா.

போனை வைச்சுப்போட்டுத் திரும்பினால் வாசல் படலையில பாறூக் நானா. (முஸ்லிம் ஆக்களில அண்ணனை நானா எண்டுதான் கூப்பிடுறது.) அவர் ஹாபரில லோஞ்ச் ஓடினவர், என்னோட ஒண்டா வேலை செய்து ஒண்டா ஓய்வெடுத்த ஆள். விடிய மீன் சந்தையில என்னோட நிண்டு பாரை மீனுக்குச் சண்டை பிடிச்சுப்போட்டுத்தான் போனவர். கையில மகளின்ர போன்.

"தங்கம், ஒழுங்கையில செத்தவீட்டு வெள்ளைக் கொடியைக் காணேல்லையே. நான் கட்டுறதோ, நீயே கட்டிப்போடுறியோ? நீதானே கயிறுக்காரன்."

"என்ன நானா பகிடி?"

போனை என்ர முகத்துக்கு நேர பிடிச்சார். போன் ஒடுக்கம்தானே. அகலப் படம் அதுக்குள்ள அடங்கேல்லை, ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுப் போச்சு. மங்களம் இல்லை, சுகந்தியும் இல்லை. நடுவில நான் மட்டும், கழுத்தில மாலை, முகம் இறுகிப்போய். அதுக்குக் கீழ பெரிய எழுத்தில கண்ணீர் அஞ்சலி. மங்களத்தின்ர பேர் வரவேணும் எண்டால் விரலால நல்லாத் தள்ளவேணும். செத்தவீட்டுச் செய்தியில படத்தைக் கண்ட பிறகு ஆர் தள்ளிப் பார்க்கினம்?

உயிரோட இருக்கேக்கையும் அவள் அப்பிடித்தான். தான் ஓரத்துக்கு ஒதுங்கி என்னை முன்னுக்குத் தள்ளிவிடுவாள்.

"செத்த மையித்துக் கூடச் சிரிச்ச முகமா இருக்கும்," எண்டார் நானா. "உனக்கு என்ன கோவம்?"

"பல்லுக் குத்து நானா."

ரெண்டு நாள் கழிச்சு சுகந்தி வந்தாள். வவுனியாவில கலியாண மண்டபத்திலயே அவளிட்டை நாலைஞ்சு பேர் துக்கம் விசாரிச்சிருக்கினம். அப்பா செத்துக் கிடக்க நீ பட்டுச் சீலையோட நிக்கிறாய் எண்டு ஒரு மனிசி ஏசினதாம். அவள் என்னை ஏசேல்லை. அதுதான் பயமா இருந்தது. தர்சினியைக் கூப்பிட்டாள். ரெண்டு பேரும் "திருகோணமலையில அறை" எண்டு தேடிப் பார்த்தினம். முந்தி பின் பக்கங்களில ஒரு மூலையிலயாவது கிடந்த எங்கட வீடு இப்ப ஒரு பக்கத்திலயும் இல்லை. "மங்களா இல்லம்" எண்டு பேர் போட்டுத் தேடினால் மட்டும் வந்தது. என்ர முகத்தோட வந்தது.

"மெசின் வந்து பதிஞ்சிட்டுது அக்கா," எண்டாள் தர்சினி. "ஐயா சொன்னதைத்தான் பதிஞ்சிருக்கு."

"எப்ப திருத்தலாம்?"

"ரெண்டு நாளில நான் திருத்திப்போடுவன். கொம்பியூட்டரில உள்ளது அப்பிடியே போனிலயும் வரும். அதுக்குப் பிறகு மெசினைத் திரும்ப வரச்சொல்லி விண்ணப்பம் போடலாம். ஆனால் எப்ப வரும் எண்டு சொல்லமாட்டினம். கிழமைக் கணக்கும் ஆகும்."

சுகந்தி கலண்டரைப் பார்த்தாள். பங்குனி பிறந்து நாலு நாள். அவள் மேல போய், மூண்டு அறையளின்ர யன்னலையும் ஒண்டு ஒண்டாச் சாத்தினாள். அந்தச் சத்தம் எனக்குக் கீழ கேட்டது. முப்பத்தாறு வருசத்தில ஒரு கப்பலையும் நான் தவறவிடேல்லை. என்ர மகள் போறதுக்கு மட்டும் நானே கயிறைக் கழட்டி விட்டிட்டன்.

அதுக்குப் பிறகு நான் வீட்டில வாயே திறக்கேல்லை. தர்சினி வந்து எழுத்தைப் பெருப்பிச்சு, படங்களைப் பாரம் குறைச்சு, பெருவிரல் படுற அளவுக்குப் பட்டனுகளை வைச்சு எல்லாம் செய்தாள். அஞ்சலியைத் தனிப் பக்கமா, மங்களம் மட்டும் உள்ள படத்தோட போட்டாள். என்னட்டைக் கேட்டவள், "ஐயா, இது சரியோ?" எண்டு. ஓம் எண்டன். வேற ஒண்டும் சொல்லேல்லை.

பங்குனி முடிய ஒரு கிழமை. காலமை நான் பாணைச் சம்பலில தோய்ச்சுக்கொண்டு இருக்கிறன், சுகந்தியின்ர போன் அடிக்குது. கொழும்பு மனேச்சர்.

"ஓம் சேர்... இல்லை சேர், இன்னும் முடிவெடுக்கேல்லை... என்ன சேர்?"

அவள் மெதுவாத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பாணைக் கையில வைச்சுக்கொண்டு அப்பிடியே இருந்தன்.

"ஓம் சேர்... ஓம், திடீரெண்டுதான்... நன்றி சேர். பெரிய உதவி சேர்."

போனை மேசையில வைச்சாள்.

"மனேச்சர் எங்கட வீட்டைத் தன்ர மனிசிக்குக் காட்ட எண்டு போன மாசம் போனில தேடியிருக்கிறார். உங்களைக் கண்டவராம். அதுதான் இவ்வளவு நாளும் என்னை அவசரப்படுத்தேல்லையாம். அப்பான்ர காரியமெல்லாம் முடிச்சு ஆறுதலா யோசிக்கட்டாம். வேலையை ஆடி வரைக்கும் வைச்சிருக்கிறாராம்."

"நீ ஏன் நான் சாகேல்லை எண்டு சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? அப்பா உயிரோட இருக்கிறார், அஞ்சலி அவரே தனக்குப் போட்டது எண்டோ? அப்பிடிச் சொன்னால் விசர்க் குடும்பம் எண்டு அந்த வேலையும் இல்லாமல் போகும்." சொல்லிப்போட்டு அவளுக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிக்கத் தொடங்கினவள் நிறுத்தேல்லை, கண்ணால தண்ணி வந்தது. நானும் சிரிச்சன். பாண் தொண்டையில அடைச்சு, உண்மையாவே போயிருப்பன்.

சித்திரை நடுவில மெசின் திரும்ப வந்து பார்த்திட்டுப் போச்சுதாம். எனக்கு எப்பிடித் தெரியும் எண்டால், அந்தக் கிழமையே ஒரு பிரான்ஸ் சோடி போனில கண்டு புக் பண்ணினது. பிறகு நாலு பேர், பிறகு ஆறு பேர். வந்தவை எல்லாரையும் நான் கேட்டனான், எதில பார்த்தனீங்கள் எண்டு. எல்லாரும் போனைத்தான் தூக்கிக் காட்டினவை. ஆனியில மூண்டு அறையும் நிறைஞ்சு, என்ர கட்டிலையும் குடுத்துப்போட்டு நான் விறாந்தையில படுத்தன். ஆடியில சுகந்தி கொழும்புக்கு, வரேலாது சேர் எண்டு எழுதிவிட்டாள்.

இதோட முடிஞ்சிருக்கவேணும். ஆனால் அந்த மனேச்சர் நல்ல மனிசன். அடுத்த வருசம் ஆடியில குடும்பத்தோட எங்கட வீட்டிலேயே வந்து தங்கினார். சுகந்தி படலையைத் திறந்துகொண்டு, பக்கத்தில நிண்ட என்னைக் காட்டி, "இவர் என்ர சித்தப்பா" எண்டாள். நான் முதல் நாளே மீசையை வழிச்சுப்போட்டன். மனேச்சர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "அண்ணரின்ர முகம் அப்பிடியே," எண்டார். "ஓம், ஆனால் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர்," எண்டன். மூண்டு நாளும் அவருக்கு அண்ணரைப் பற்றிக் கதை சொன்னன். ஹாபரில அவரைப் போலக் கயிறு பிடிக்க ஆள் இல்லை எண்டு சொன்னன். அவர் கண்ணைத் துடைச்சார். எனக்கும் அண்ணரை நினைக்கக் கொஞ்சம் கவலையாத்தான் இருந்தது.

பேரப்பிள்ளையள் அண்டையில இருந்து என்னை "செத்த அம்மப்பா" எண்டுதான் கூப்பிடுறவை. செத்த அம்மப்பா, சாப்பிட வாங்கோ. செத்த அம்மப்பா, போன் அடிக்குது. வாற வெள்ளைக்காரருக்கும் அந்தச் சொல்லைப் பழக்கிப்போட்டினம்.

இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள், எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. கனடா, சுவிஸ், கிளிவெட்டி, குச்சவெளி, எங்க எங்கட சனம் இருந்தாலும், தங்கராசா உயிரோடதான் இருக்கிறார் எண்டு சொல்லிவிடுங்கோ. ஆரும் வெப்சைட் வைச்சிருந்தால், ஒருக்காப் போனில திறந்து பார்க்கச் சொல்லுங்கோ. கொழும்பில மட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ. வாற ஆடிக்கும் மனேச்சர் அறை கேட்டிருக்கிறார், அண்ணருக்கு மாலையும் கொண்டு வாறாராம்.